இரண்டு மேசை போட்ட நினைவுக்கூட்டம்

மொன்றியலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அயர்லாந்தில் தோன்றிய ஓர் இடதுசாரி இயக்கத்துக்கு நினைவுக்கூட்டம் நடக்கிறது. வேண்டியது குடியரசா, தொழிலாளர் குடியரசா என்று முதல் மாநாட்டிலேயே சண்டை போட்டு உடைந்த இயக்கம். இன்றும் வாசலில் இரண்டு மேசைகள். இரண்டிலும் அதே படம், அதே கொடி. நாட்டையே விடுவிக்கக் கிளம்பியவர்களின் வாரிசுகளுக்கு ஒரு மேசையில் சேர்ந்து உட்கார முடியவில்லை.

என்னை அழைத்துவந்த யாழ்ப்பாணத்து நண்பர் சிவம் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ஒரு சொல்லுக்காக உடைஞ்சவங்களாம் அண்ணை. விசர்க் கூட்டம்!"

வெளியே வந்ததும் தன் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அழைக்கிறார்.

"சனிக்கிழமை செயின்ட்-மிஷேலிலை. அண்டைக்கே லொங்குய்யிலையும் ஒண்டு நடக்குது, அங்கை போயிடாதேங்கோ. எங்களை விட்டுப் பிரிஞ்சவங்கள்."

"ஏன் பிரிஞ்சாங்க?"

"சங்கத்தின்ரை பேரிலை ஒரு சொல்லைச் சேக்கச் சொன்னவங்கள்."