இரும்பை உணவகத்தில் அக்கா சாப்பிட்ட பலாக்காய்

இந்தப் பயணம் போனது 2016 மார்ச் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. எழுதுவது ஆகஸ்டில். வீடு திரும்பிய அன்றே எழுதி வலைப்பூவில் ஏற்றிவிடுகிற ஆள் நான். இதை மட்டும் ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பை என்ற ஊருக்குப் போய்ச் சாப்பிட நினைப்பவர்களுக்கு வேண்டிய விவரமெல்லாம் இதில் இருக்கிறது. நடுவில் என் மானம் போகிற இடமும் இருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. என் அக்கா பிலோமினா திண்டிவனத்தில் இருக்கிறாள், நான் விழுப்புரத்தில். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கறி தொடமாட்டோம்; அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். அந்த வருஷம் அக்கா வெள்ளிக்கிழமையோடு நிறுத்தவில்லை. அவள் மகள் ஜெனிபருக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாக ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று, நாற்பது நாளும் கவுச்சியே தொடுவதில்லை என மாதாவுக்குப் பொருத்தனை செய்திருந்தாள். முட்டைகூடக் கிடையாது. காலண்டரில் ஒவ்வொரு நாளாகப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் போன அன்று இருபத்து நாலாம் நாள்.

தினமும் ரசமும் துவையலுமாகச் சாப்பிட்டு அவள் முகம் வற்றிப்போயிருந்தது. இரும்பைக்குப் பக்கத்தில் ஒரு உணவகம் இருப்பதாக நண்பர் சொன்னார். தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான் பாணிச் சமையல். ஆனால் கறி, மீன், முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது, எல்லாமே செடிகொடியில் விளைந்தது. அக்காவுக்கென்றே திறந்த கடை என்று நினைத்தேன். என் நோக்கத்தில் தப்பில்லை, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் காலை 8.40 பஸ். திண்டிவனம் 38 கிலோமீட்டர், டிக்கெட் 22 ரூபாய். அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே குடையோடு நின்றிருந்தாள். அங்கிருந்து 10.10க்குப் புதுச்சேரி பஸ் ஏறி, ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வந்து திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கினோம். தலைக்கு 18 ரூபாய். ஆட்டோக்காரர் நூறு கேட்டு எண்பதுக்கு இறங்கினார்.

"அங்கியா போறீங்க? அங்க கறியே இருக்காது சார். வெள்ளைக்காரங்கதான் கேப்பையைத் தின்னுக்கினு உக்காந்திருப்பாங்க" என்றார்.

"எங்களுக்கும் அதான்பா வேணும், நீ வண்டியைப் பார்த்து ஓட்டு" என்றாள் அக்கா.

செம்மண் பாதை முடிவில் கீற்றுக் கொட்டகை. கை கழுவுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக நேரே வாழைமரத்துக்குப் போகிறது. இளநீர் உறிஞ்சப் பப்பாளி இலைக்காம்பு. எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, முந்தின நாள் எல்லாத் தட்டிலும் மிச்சம் விழுந்தது இரண்டரைக் கிலோ என்றும் எழுதியிருந்தது. மிச்சம் எருக்குழிக்குப் போகிறதாம். இருந்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடெல்லாம் ரொம்பப் பிடித்தது. அக்காவோ வாழையைப் பார்த்து, "நம்ம வூட்டுலயும் இப்பிடித்தான்டா போவுது, போர்டுதான் வைக்கல" என்றாள்.

அரிசித்தாளில் கீரையும் கேரட்டும் சுருட்டி, தொட்டுக்கொள்ள மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னி கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் குழம்பும், கேப்பை நூடுல்ஸும் வந்தன. கடைசியாக, ஆவியில் வெந்த பன்னுக்குள் பழுப்பு நிறத்தில் நார்நாராக ஒன்றை வைத்துக் கொண்டுவந்தார்கள். அது பண்ருட்டிப் பலாப்பிஞ்சு. வேகவைத்து, பிய்த்து, சோயா சாஸில் வறுத்தது. மெனு அட்டையில் ஆங்கிலத்தில் 'மாக் டக்' என்று போட்டிருந்தது. வாத்துக்கறி போலச் செய்தது என்று அர்த்தம். அக்கா அதில் முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டு, மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நல்லா இருக்குடா தம்பி. அப்பிடியே கறி மாதிரியே இருக்கு."

என் நாக்கில் சனி ஏறியது அப்போதுதான். "கறி மாதிரியா? கறியேதான் அக்கா. வாத்து" என்றேன். சும்மா சொல்லவில்லை. மெனு அட்டையை எடுத்து, 'மாக்' என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்து, 'டக்' என்பதை மட்டும் காட்டினேன்.

அக்கா எட்டாவது படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். கையிலிருந்ததைத் தட்டில் வைத்தாள். எழுந்து வாழைமரத்துப் பக்கம் போய், விரலை வாயில் விட்டு ஓங்கரித்தாள். நான் உட்கார்ந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பி வந்தவளின் கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. "அய்யோ, வெளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா. அது பலாக்காய்" என்றேன். அட்டையை முழுதாகக் காட்டினேன். 'மாக்' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்கிற அர்த்தத்தைத்தான் நம்ப வேண்டும். உடனே சமையலறைக்கு ஓடி, எங்களுக்குப் பரிமாறிய செல்வி என்ற பெண்ணைக் கையோடு கூட்டிவந்தேன்.

"அம்மா, சத்தியமா பலாக்காதான். நானே உரிச்சேன். கையெல்லாம் பிசினு பாருங்க" என்றாள் அந்தப் பெண். உள்ளே போய் ஒரு முழுப் பிஞ்சையும் தூக்கிவந்து காட்டினாள்.

அக்கா அவளிடம் மரியாதையாகவே பேசினாள். "நீ நல்ல பொண்ணும்மா. இவன் உள்ள ஓடி உங்கிட்ட சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்தான், நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். காயைக் காட்டுற. தட்டுல இருந்தது இதுதான்னு நான் எப்பிடி நம்பறது?"

அவள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. 1993இல் அவளைப் பெண்பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நான்தான் வந்து சொன்னேன். எதிர்வீட்டு அண்ணனையும் செட்டப் செய்து, அவர் வாயாலும் சொல்ல வைத்தேன். மத்தியானம் முழுக்க அழுதாள். சாயங்காலம் உண்மை தெரிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி இருபத்து மூன்று வருஷம் அதே பிழைப்பாக இருந்துவிட்டேன்.

என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மொதல்ல சொன்னது நெசமா, பின்னால சொன்னது நெசமா?"

"பின்னால சொன்னதுதான் அக்கா."

"சரி வுடு. நாளையிலர்ந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணிக்கிறேன்."

அவள் தட்டில் இருந்ததை நான்தான் சாப்பிட்டு முடித்தேன். ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை. இரும்பையில் இருக்கும் மாகாளேஸ்வரர் கோவிலையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போட்ட திட்டத்தை விட்டுவிட்டோம். திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். கிளியனூர் தாண்டும்போது, "அந்தப் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

சொன்னபடியே மறுநாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஈஸ்டர் அன்று என் வீட்டில் எல்லோரும் மட்டன் பிரியாணி சாப்பிட, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரசம் சாதத்தைப் பிசைந்தாள். அன்று அவளுக்கு இருபத்து மூன்றாம் நாள்.

இனி விவரங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைதான் சாப்பாடு, திங்கள் விடுமுறை. இரண்டு பேருக்கு 640 ரூபாய் ஆனது. தண்ணீர்ப் பாட்டில் விற்பதில்லை, மண்பானைத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் போனால் பலாப்பிஞ்சு கிடைக்கும். அதைக் கட்டாயம் சாப்பிடுங்கள். திரும்பும்போது ஆட்டோ சுலபத்தில் கிடைக்காது, வந்த ஆட்டோக்காரர் நம்பரை வாங்கிவையுங்கள். கடையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. விரதமோ பொருத்தனையோ இருப்பவரை அழைத்துப்போனால், தட்டு வருவதற்கு முன்பே என்ன வரப்போகிறது என்று செல்வி போன்ற ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆளைச் சொல்லவிடாதீர்கள்.

ஜூலையில் ஜெனிபருக்கு வலி எடுத்து, திண்டிவனத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம்தான் பிறக்கும் என்று சொன்னதால், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி எடுத்துவர அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பதினொன்றரைக்கே பிறந்துவிட்டது. மாப்பிள்ளை மருந்துக் கடையில் நின்றிருந்ததால் வாசலில் நான்தான் இருந்தேன். நர்ஸ் வந்து சொன்னதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்துல நர்ஸம்மா இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடு."

கொடுத்தேன்.