அடிக்கோல் தாண்டிய ஏரி

யுத்தம் நடக்கும் இந்த நாட்களில், செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள விமானத் திடலிலிருந்து தாம்பரத்துத் திடலுக்கு விமானச் சக்கரங்களை லாரியில் கொண்டுபோவது என் வேலை. போன மழைக்காலத்தில் ஒருநாள், ஆங்கிலோ-இந்திய அதிகாரி வரைபடத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்தார்.

"இருவது மைல்தான், மேன். ஒரு மணி நேரம். லேட் ஆனா வேலை காலி."

அம்பத்தூர், பூந்தமல்லி என்று வளைந்து வளைந்து போகும் சாலையோ முப்பது மைலைத் தாண்டும். வேலைக்குப் பயந்து, குறுக்கு வழியென்று செங்குன்றத்து ஏரிக்கரைமேல் லாரியை ஏற்றினேன்.

"வாணாம் அண்ணாத்தே, கரை ஊறிக் கீது" என்றான் கிளீனர் கோவிந்தன்.

நான் கேட்கவில்லை. பாதி தூரத்தில் மண் சரிந்து, பின்சக்கரம் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் சுழன்றது. கீழே ஏரி, வானத்தை மடியில் போட்டுக்கொண்டு சும்மா கிடந்தது. மூச்சை அடக்கி இருவரும் வெளியே குதித்தோம். உழவு மாடுகள் பூட்டித்தான் லாரியை இழுத்தோம்.

மாலையில் தாம்பரத்தில் சக்கரங்களை இறக்கிவிட்டுத் திரும்பியதும் அதிகாரி சீறினார். "பிளேன் பத்து நிமிஷத்துல வருது, மேன்!"

"அதுக்கு ரெக்க கீது தொரை. கோடு போட்டீங்களே, நடுவுல ஏரி கண்ணுல படலியா?"

லாரி ஓட்ட ஆள் கிடைக்காத காலம், வேலை தப்பியது. இப்போதெல்லாம் யார் மைல் கணக்குச் சொன்னாலும், வண்டிச் சாவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்: "சக்கரத்துக்கா, ரெக்கைக்கா?"