களத்தில் உட்காரச் சொன்னவன்

முப்பது பேரை அடிவாங்க உட்கார வைத்தவன் நான்தான். ஆம், நானேதான்! வடமாலபேட்டை அரிசி ஆலையில் அன்று நடந்ததற்கு வெளியூர் ரௌடிகள்தான் காரணம் என்று ஊர் இன்றுவரை நம்புகிறது. கட்டையைத் தூக்கியது அவர்கள்தான். ஆனால் ஆட்களை அவர்கள் காலடியில் கொண்டுபோய் உட்கார வைத்தது என் கை.

இதைப் படிக்கும் நீங்கள் என்னை வெறுக்கலாம். பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அதைத்தான் கேட்கிறேன்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எல்லை எங்கே என்று இரு பக்கமும் முட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் ஆலையில் மேஸ்திரி. எங்கள் முதலாளி இளவயதில் வடநாட்டில் வேலை பார்த்தவர். அங்கே பூகம்பத்தில் இடிந்த ஓர் ஆலைக்குள்ளிருந்து பிணங்களைத் தோண்டி எடுத்தவர். எங்கள் ஊரில் ஒருநாள் பாத்திரங்கள் லேசாகக் குலுங்கியதும் பழைய பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மூட்டைகளை ஆறுக்கு மேல் அடுக்கக் கூடாது என்றார். சுவர்களுக்கு இரும்புப் பட்டை போட்டார். வடக்குச் சுவர் மட்டும் பாக்கி நின்றது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டை மணியாகத் தொங்கவிட்டு, அது ஒலித்தால் என்ன செய்வது என்று ஆட்களைப் பழக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

வாரம் தவறாமல் பழக்கினேன். மணி கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே போடு. நெல் காயவைக்கும் களத்துக்கு ஓடிவந்து நடுவில் உட்கார். இரு கைகளையும் தலைமேல் கோத்துக்கொள். நான் சொல்லும்வரை எழாதே... பூமி ஆடுவதற்கு முன்னால் மேஸ்திரி ஆடுகிறார் என்று கடைத்தெருவே கேலி செய்தது. எனக்கு அதிலும் பெருமைதான்!

பாய்லருக்கு உமி தள்ளும் முனுசாமி என் உயிர்த்தோழன். எப்போதும் முதலில் ஓடிவந்து உட்காருபவன் அவன். அவன் மனைவி நாகம்மா அரிசி புடைப்பவள். முறத்தைக் கீழே போட மனமில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் திட்டு வாங்குவாள்.

நானோ எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன். ஆலை ஆட்கள் தமிழும் தெலுங்கும் கலந்தவர்கள். அத்தனை பேரும் ஆந்திராவிலேயே இருந்துவிடுகிறோம் என்ற மனுவில் கைநாட்டு வைத்துவிட்டார்கள். முனுசாமியும்! நிலம் இங்கே, பிழைப்பு இங்கே, நமக்கெதற்கு வம்பு என்றான். தமிழ் பேசுகிறவன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்... எனக்கு வெறி தலைக்கேறியது.

அவர்களை மிரட்டிப் பணியவைக்க எங்கள் கூட்டத்தின் வெளியூர் ஆட்கள் பத்துப் பேர் சவுக்குக் கட்டைகளோடு கிளம்பினார்கள். ஆலைக்குள் புகத் துணிவில்லை. உள்ளே இருப்பவர்களிடம் கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தன. அவர்களை வெறுங்கையோடு எப்படி வெளியே வரவைப்பது என்று என்னிடம் கேட்டார்கள்.

யார் வழி சொன்னது? நான்!

நண்பகலில் மணியை அடித்தேன்.

ஓடிவந்தார்கள். நான் கற்றுக்கொடுத்தபடியே மண்வெட்டிகளை வீசிவிட்டு, களத்தின் நடுவில் உட்கார்ந்து, கைகளைத் தலைமேல் கோத்தார்கள். கட்டைகள் இறங்கின. தலையைக் காத்த விரல்கள்தாம் முதலில் முறிந்தன. காய்ந்த சுள்ளியை மிதித்தாற்போல் அந்தச் சத்தம்... ஒருவன் வாயிலிருந்து பற்கள் ரத்தத்தோடு நெல்மேல் கொட்டின. இன்னொருவனின் காது கிழிந்து தொங்கியது. இரண்டு பேர் எழுந்து, கடப்பாரை எடுக்க உள்ளே ஓடப் பார்த்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைக்க, முனுசாமிதான் அவர்களைத் தடுத்தான்.

“உள்ள போவாதீங்க, செவுரு வுழும்! மேஸ்திரி சொல்ற வரிக்கும் குந்திக்கினே இருங்க!”

நான் வேப்பமரத்தடியில் மணியடித்த இரும்புக் கம்பியோடு நின்றிருந்தேன். எழுந்திருங்கள் என்ற ஒரு சொல் போதும். சொன்னேனா? இல்லை! அவன் விரல்களில் மூன்றாவது அடி விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் போட எல்லோரையும் வண்டியில் ஏற்றிப் புத்தூருக்குக் கொண்டுபோனோம். நிலம் ஆடினாற்போல் இருந்தது, அதனால் மணி அடித்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். நம்பினார்கள். என்னைச் சந்தேகப்பட்ட ஒருவனை முனுசாமியே அதட்டி அடக்கினான். அவன் எலும்பு கூடியது, விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. உமி தள்ள முடியாமல் ஆலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். நாகம்மா இரண்டு ஆள் வேலை பார்த்தாள்.

எல்லையும் ஒருவழியாக முடிவானது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருந்தது. கட்டை தூக்கிய பத்துப் பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில், ஒரு மதியம், நிஜமாகவே பூமி நடுங்கியது. பாய்லர் குழாய்கள் கடகடத்தன. ஓடிப்போய் மணியை அடித்தேன்... அடித்தேன்... உள்ளங்கை கிழிய அடித்தேன்! ஒருவரும் வரவில்லை. உள்ளே கடப்பாரைகளைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தாழிட்டுவிட்டார்கள். களத்துக்கு வந்தால் கட்டை விழும் என்றுதானே அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன்?

வாசலிலிருந்து முனுசாமி மட்டும் ஓடிவந்தான். களத்தின் நடுவில் உட்கார்ந்து, கோக்க முடியாத கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு, நாகம்மாவைக் கூவிக் கூவி அழைத்தான். வடக்குச் சுவரின் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

“நான் வரமாட்டேன். உன்னத்தான் அடிச்சிக் கொல்லப் போறாங்க, நீ உள்ள வந்துடு!”

அந்தச் சுவர் அப்படியே அவள்மேல் சரிந்தது. பட்டை போட்ட சுவர்கள் நின்றன, மற்றவர்கள் பிழைத்தார்கள். நானும் முனுசாமியும் செங்கற்களை அள்ளி அள்ளிப் போட்டோம். முகம் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. கையில் முறத்தின் விளிம்பு மட்டும் இருந்தது.

இப்போது இருவருக்கும் வயதாகிவிட்டது. தினமும் மதியம் அவன் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். எவ்வளவு நல்ல மனது என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் ஒவ்வொரு நாளும் படியேறுகிறேன்... அவன் முந்திக்கொள்கிறான்.

“நீ அன்னிக்கி மணி அடிக்கலன்னா நானும் உள்ள ஓடி அவளோடயே செத்துப் பூட்டிருப்பேன் மேஸ்திரி.”

சொல்லிவிட்டு, மடங்காத அந்த விரல்களால் என்னைக் கும்பிடுகிறான். அவன் மேற்கொண்டு பேசாதிருக்க, அடுத்த கவளத்தை அவசரமாக அவன் வாயில் வைக்கிறேன்.