காந்தத்தில் ஒட்டாதது

எங்கள் லேத் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வாசல்தான். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு எடுத்த வீடு. முன்னறையில் லேத், பின்னால் இரண்டு அறை. கல்யாணமாகி வந்த அன்றே அந்த வாசல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. இங்கே சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் இரும்பு வரும்.

லேத்தில் கடையும்போது இரும்பு சுருள் சுருளாகச் சீவப்பட்டு விழும். நீளமானது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். பொடியாக உதிர்வதுதான் செருப்பில் ஏறி, லுங்கி மடிப்பில் ஒளிந்து, பாய்க்கு வந்து சேரும். போதாக்குறைக்கு ரோட்டில் போகும் சுரங்க லாரிகளின் நிலக்கரித் தூசு வேறு. மெஷின் எண்ணெயில் அது படிந்தால் கண்மை மாதிரி அப்பிக்கொள்ளும்.

என் கணவர் சாயங்காலமானால் கம்ப்ரஸர் காற்றை அடித்து மெஷினைச் சுத்தம் செய்வார். மெஷின் பளிச்சென்று இருக்கும். அதிலிருந்தது அத்தனையும் என் அடுப்படியில் இருக்கும். சண்டை போட்டுத்தான் அதை நிறுத்தினேன். அதன் பிறகு பிரஷ்ஷால் தள்ளித் தட்டில் வாங்குவது, துணியால் துடைப்பது, பட்டறையைக் கூட்டுவது எல்லாம் என் வேலையாகிவிட்டது.

எங்கள் பாப்பா தவழ ஆரம்பித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, கயிறு கட்டி, பட்டறையிலிருந்து அடுப்படி வரை இழுத்துக்கொண்டே நடந்தேன். காந்தத்துக்கு மீசை முளைத்த மாதிரி இரும்புத் தூள் ஒட்டும். வழித்துப் போட்டுவிட்டு மறுபடி இழுப்பேன். ஒன்றும் ஒட்டாமல் வரும்வரை விடமாட்டேன். அப்படியும் உட்கார்ந்தால் தரையில் ஏதோ மின்னுவது போலிருக்கும், எழுந்துவிடுவேன்.

"காந்தம் வச்சி எடுத்துட்ட இல்ல? அப்புறம் இன்னாத்துக்குத் தேடிகினே இருக்கற? செத்த உக்காரு" என்றார் என் கணவர் ஒரு நாள் காலையில்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. காந்தம் சுத்தமாக வந்திருந்தது. பாப்பாவைத் தரையில் விட்டுவிட்டு அரிசி களையப் போனேன். சற்று நேரத்தில் அவள் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், வாயை மூடிக்கொண்டு எதையோ ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை விட்டு வழித்தேன். எச்சிலோடு ஒரு மஞ்சள் சுருள் வந்தது. உதட்டோரம் ரத்தம். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் மோட்டார் பம்பின் தண்டுக்கு மாட்டும் பித்தளை வளையம், புஷ், கேட்டிருந்தார். அந்த வாரம் முழுக்கக் கடைந்தது அதைத்தான். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். இருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நான் போட்ட சத்தத்தில் லேத் நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், உள்ளே எதுவும் போகவில்லை என்றார். உதட்டுக் கீறல் தானாக ஆறிவிடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நானே தவழ்ந்தேன். உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பதித்துப் போனேன். நின்றுகொண்டு பார்த்தபோது தெரியாததெல்லாம் அவள் உயரத்துக்கு இறங்கியதும் தெரிந்தது. கட்டில் காலடியில் ஒன்று, கதவிடுக்கில் இரண்டு. கையில் குத்தினால் சந்தோஷமாக இருந்தது. இனி அது அவளைக் குத்தாது.

பிறகு பாப்பாவைத் தூளியில் விட்டுவிட்டு, எதிர்ச்சுவர் பக்கமிருந்து அவரும் முட்டி போட்டுத் தவழ்ந்து வந்தார்.

"வூடு வேற எடத்துல பாத்துக்கலாம்" என்றார், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தூளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, பாப்பா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். தானும் விளையாட வருவதாக, இறக்கிவிடச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். எங்களில் ஒருவருக்கும் அவளைத் தரையில் விடத் தைரியம் வரவில்லை.