மாமியாரைப் பார்க்காமல் நீர்வீழ்ச்சி பார்ப்பது எப்படி

எங்கள் கப்வே ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் லோம்பேயிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் சுமாராகத்தான் ஓட்டுவார்கள். ஓட்டுநர் பள்ளியில் அவன் பதினைந்து வருடமாக ஆசிரியன். வண்டி நகர்வதற்கு முன் மூன்று கண்ணாடியையும் பார்க்க வேண்டும் என்பது அவனுக்கு வேதவாக்கு. மறந்தவன் பாதிரியாராக இருந்தாலும் இறக்கிவிட்டு நடக்கச் சொல்வான். ஒரு பாதிரியார் நிஜமாகவே நடந்திருக்கிறார்.

இவ்வளவு கெத்தான ஆள், மாமியாரைக் கண்டால் ஓடுவான்.

பயத்தால் அல்ல, மரியாதையால். எங்கள் பெம்பா இனத்தில் பெண் எடுத்தவன் மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. அவர் முன்னால் சாப்பிடக் கூடாது, அவர் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. இது ஆயுள் தண்டனையும் இல்லை. பெண் வீட்டார் ஒரு நாள் பானை பானையாகச் சமைத்து, கொட்டடித்துப் பாடி, மாப்பிள்ளையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள். அதோடு தடை தீர்ந்தது, அதன்பின் அவன் அந்த வீட்டு மகன். ஆனால் எப்போது அழைப்பது என்பது மாமியார் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை வாயைத் திறந்து கேட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது.

லோம்பேக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவனுக்குப் பின்னால் கல்யாணம் செய்தவர்களையெல்லாம் கூப்பிட்டாயிற்று. அவனை மட்டும் கூப்பிடவில்லை. கேட்டால் அதைப் பற்றி நினைப்பதே இல்லை என்பான். ஆனால் தெருவில் யார் வீட்டிலாவது அந்தக் கொட்டுச் சத்தம் கேட்டால், உடனே டயர், எண்ணெய் என்று சம்பந்தமில்லாமல் எதையாவது பேச ஆரம்பிப்பான். பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

நான் கபாசோ, பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். லோம்பேயின் கல்யாணத்துக்குத் தூது போன ஷிபுகோம்பே நான்தான். பெண் கேட்டு, பரிசப் பணம் வைத்து மூடிய தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, கல்யாணத்தை முடித்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாமியாரும் மாப்பிள்ளையும் நேரே பேசக் கூடாதாம். ஆகவே "மழைக்குக் கூரை ஒழுகுதான்னு கேளு", "இல்லன்னு சொல்லு" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தே என் செருப்பு தேய்ந்தது. சம்பளமில்லாத தபால்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

மாமியாரைக் கசோண்டேயின் அம்மா என்ற பொருளில் பனா கசோண்டே என்போம். கசோண்டே லோம்பேயின் மனைவி. பனா கசோண்டே சந்தையில் சிக்கந்தா விற்கிறார். காட்டுக் கிழங்கு மாவையும் நிலக்கடலையையும் சேர்த்து அவித்து, துண்டு போட்டுத் தரும் அந்தப் பண்டம் அவர் கைப்பக்குவத்தில் தனி ருசி. ஒருநாள் லோம்பே சந்தையில் சுட்ட சோளம் கடித்துக்கொண்டு நின்றபோது அவர் எதிரே வந்துவிட்டார். இவன் பக்கத்தில் திறந்திருந்த கதவுக்குள் பாய்ந்தான். அது சலூன். சும்மா நிற்க வெட்கப்பட்டு மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். இன்னொரு முறை சாக்கடைக்குள்ளேயே குதித்திருக்கிறான். மரியாதையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும், சிரித்துக்கொண்டே சொல்லும்.

இந்த வருடம் புது வருடப் பிறப்பு கழிந்ததும் பனா கசோண்டே எனக்கு ஆளனுப்பினார். பக்கத்துக் கடைக்காரி போன வருடம் மாதா கோவில் பேருந்தில் தெற்கே போய், மோசி-ஓவா-துன்யா நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பெயருக்கு இடிக்கும் புகை என்று பொருள், வந்த நாள் முதல் அந்தப் புகையைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர் எப்படி விழுந்தது, எல்லைப் பாலத்தில் நின்று ஒரு காலை ஜிம்பாப்வேயில் எப்படி வைத்தாள் என்று தினமும் ஒரு முறை. கேட்டுக் கேட்டுப் பனா கசோண்டேக்குக் காது புளித்துவிட்டது.

"தம்பி, அவ வாயை அடைக்கணும். நான் போய்ப் பாத்துட்டு வரணும். கோவில் பஸ்ஸுல போகமாட்டேன், அதுலயும் அவ வருவா. மாப்பிள்ளை வண்டியில கூட்டிட்டுப் போவாரான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் லோம்பேயிடம் கேட்ட முதல் காரியம் அது. நான் போய்ச் சொன்னதும் அவன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போகலாம்னு சொல்லு" என்றான். பிறகு என்னிடம் மெதுவாக, "டேய், இதை ஒழுங்கா செஞ்சு முடிச்சா ஒருவேளை கூப்பிடுவாங்களாடா?" என்றான். அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே திட்டம் தொடங்கியது. சாலைச் சந்திப்புகளைச் சொல்லிக்கொடுக்கும் பெரிய பலகையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தான். கப்வே முதல் லிவிங்ஸ்டன் வரை அறுநூறு கிலோமீட்டரையும் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தான். ஆளுக்கொரு சோடா மூடி வைத்தான். மாமியார் பச்சை, கசோண்டே மஞ்சள், அவர்கள் பிள்ளைகள் இருவரும் நீலம், நான் துருப்பிடித்த மூடி. சிவப்பு அவன்.

மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்பதில் திட்டம் முதல் நாளே நின்றது. முன்சீட்டில் தோளோடு தோள் உரச உட்காருவது நினைத்தே பார்க்க முடியாதது. பின்சீட்டில் இருந்தால், நடுக் கண்ணாடியில் முகம் தெரியும். அவனோ ஐந்து நொடிக்கு ஒரு முறை அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறவன். கண்ணாடியைத் திருப்பி வைக்கலாமே என்று கசோண்டே சொன்னாள். அதற்கு அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, சிகரெட் பிடிக்கலாமே என்று பாதிரியாரிடம் சொன்ன மாதிரி.

அளந்து பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. உயரத்தில் நானும் பனா கசோண்டேயும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே என் தலையில் முக்காட்டைக் கட்டிப் பின்சீட்டில் ஏற்றினார்கள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். "நெத்தி தெரியுது" என்றான். சாய்ந்து உட்கார்ந்தேன். "காது தெரியுது." மூலையில் ஒடுங்கினேன். "முட்டி தெரியுது." முட்டியைப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அது மாமியாரின் முட்டி என்றான். தாடி வைத்த மாமியாரை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

கடைசியில் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கசோண்டே இடுப்பில் சுற்றும் சித்தெங்கே துணி ஒன்றைத் திரையாகக் கட்டினான். லாரிக்காரர்கள் நடுக் கண்ணாடி இல்லாமல் பக்கக் கண்ணாடிகளை வைத்தே ஓட்டவில்லையா, நானும் பழகிக்கொள்கிறேன் என்றான். பதினைந்து வருட ஆசிரியன், தன் வண்டியில் தானே கற்றுக்குட்டிப் பலகையை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊரைச் சுற்றினான். அவனுடைய மாணவர்கள் ஓரம் நின்று, "கண்ணாடி பாருங்க சார்" என்று கத்தினார்கள். பின்னால் பாரத்துக்கு நான், முக்காட்டோடு.

போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். துணிக்குப் பின்னால் யார் என்றார். லோம்பே பொய் சொல்லத் தெரியாதவன். "மாமியார் மாதிரி" என்றான். அவர் துணியை விலக்கி என் தாடியைப் பார்த்தார். விஷயத்தை விளக்கிச் சொன்னோம். அவர் துணியை மெதுவாக மூடிவிட்டு, "எனக்கும் ஒருத்தங்க இருக்காங்க, போங்க" என்றார்.

திரைப் பிரச்சினை தீர்ந்தது, சாப்பாட்டுப் பிரச்சினை வந்தது. அதற்கு இரண்டு மரங்கள். வழியில் மொன்சே என்ற ஊருக்கு அப்பால் சாலையோரம் ஒரு மரத்தடியில் அவர்கள் சோளக்களியும் கீரையும் சாப்பிடுவார்கள். அதிலிருந்து எண்பது அடியில் இன்னொரு மரத்தடியில், முதுகைக் காட்டியபடி, இவன் சாப்பிடுவான். எந்த மரம் என்பதைக்கூட அந்தப் பக்கம் போகும் லாரிக்காரனிடம் விசாரித்து வைத்திருந்தான்.

அதன் பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. எந்த மாதம் போவது? ஆண்டு இறுதியில் போனால் ஆறு வற்றி, எங்கள் நாட்டுப் பக்கத்தில் வெறும் பாறைதான் இருக்கும். பாறை பார்க்க அறுநூறு கிலோமீட்டரா என்று பனா கசோண்டே சொல்லியனுப்பினார், நியாயம்தான். ஏப்ரலில் ஆறு நிறைந்து ஓடும். ஆனால் அப்போது அங்கே மழை கீழேயிருந்து மேலே பெய்யும். நீர்வீழ்ச்சிக்கு எதிரே உள்ள கத்திமுனைப் பாலத்தில் பத்து அடி நடப்பதற்குள் தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்துவிடும், மேலே என்ன போட்டாலும் நிற்காது. நனைந்த துணியோடு மாமியார் நிற்க, மாப்பிள்ளை அதே பாலத்தில் நிற்பதா? லோம்பேக்கு அதைச் சொல்லும்போதே வியர்த்தது.

இரண்டு நாள் பலகையின் முன்னால் உட்கார்ந்து யோசித்தான். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு, திட்டம் முடிந்தது என்றான். ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. பிறகு ஒவ்வொரு மூடியாக நகர்த்திக் காட்டினான். பச்சை, மஞ்சள், நீலம், துரு எல்லாம் பாலத்தில் போய் நின்றன. சிவப்பு மட்டும் தள்ளி, வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தது.

"நீங்க எப்ப பாப்பீங்க?" என்று கசோண்டே கேட்டாள்.

"நான் பாக்கலை. அங்க குரங்குத் தொல்லை ஜாஸ்தி. சாப்பாட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

கசோண்டே எழுந்து உள்ளே போனாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மனிதன் மரியாதை மரியாதை என்று தன்னையே படத்திலிருந்து அழித்துவிட்டு, அதைச் சாதனை மாதிரி காட்டுகிறானே என்று ஆத்திரமாக வந்தது.

"லூசுப்பயலே, நீ இவ்வளவு நல்லா ஒளிஞ்சா அவங்க எதுக்குடா உன்னைக் கூப்பிடணும்? நீ ஒருத்தன் இருக்கறதே தெரியாம பண்ணிட்டியேடா" என்றேன்.

அவன் சிவப்பு மூடியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான். "மரியாதையை வேற எப்படிடா காட்டறது?" என்றான்.

திட்டத்தைச் சொல்ல அந்தப் பக்கம் போனேன். பனா கசோண்டே உரலில் நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தார். திரையையும் இரண்டு மரங்களையும் கேட்டுச் சிரித்தார். கதை வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் உலக்கை நின்றது.

"அப்ப அவரு தண்ணியப் பாக்கவே மாட்டாரா?"

"மாட்டார்மா. குரங்கைப் பாப்பார்."

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இவ்வளவு நாளாக யாரிடமும் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, "தம்பி, உண்மையச் சொல்லு. அவருக்கு என்னைக் கண்டா பிடிக்காதா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எல்லா மாப்பிள்ளைங்களும் ஒதுங்கிப் போறாங்க, சரி. ஆனா என்னைக் கண்டதும் மொட்டை அடிச்சுக்கிற மாப்பிள்ளை யாரு வீட்டுல இருக்கான்? மூணு தடவை கூப்பிடலாம்னு கடலையும் கோழியும் சேத்து வெச்சேன். கூப்பிட்டு அவரு வரலன்னா அந்த அவமானத்தை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேர் பதினோரு வருடமாக ஒரே விஷயத்துக்காக எதிரெதிரே காத்திருந்திருக்கிறார்கள். நடுவில் கூரை ஒழுகுவதைப் பற்றிச் செய்தி சுமந்துகொண்டு நான் ஒரு மடையன் நடந்திருக்கிறேன். ஒரு நாளாவது நானாக வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அன்று சொன்னேன். கொட்டுச் சத்தம் கேட்டால் அவன் எண்ணெயைப் பற்றிப் பேசுவதைச் சொன்னேன். ஸ்பானர் விழுந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கடலையை இடித்தார், தேவைக்கு மேல் பலமாக இடித்தார்.

மார்ச் கடைசி சனிக்கிழமைக்கு அழைப்பு வந்தது. பனா கசோண்டேயின் வீட்டு வாசலில் பெண்கள் தலையில் பானைகளோடு ஆடிக்கொண்டே வந்தார்கள். கசோண்டேயின் அத்தைமார் ஒவ்வொரு பானை மூடியையும் திறக்க ஒவ்வொரு பாட்டுப் பாடினார்கள். முழுக்கோழி, கடலைக் கீரை, உலர்மீன், தட்டு நிறையச் சிக்கந்தா. லோம்பே கோட்டுப் போட்டு, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பதினோரு வருடத்தில் அந்த வீட்டுக்குள் முதல் முறை. தலையை நிமிர்த்தவே இல்லை. ஊரையே திட்டித் தீர்த்தவன் பாயின் கோரைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பனா கசோண்டே எதிரில் வந்து அமர்ந்து, அவன் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். பாட்டு நின்றது.

"மாப்பிள்ளை, நிமிந்து பாருங்க. இனிமே ஓடக் கூடாது" என்றார்.

அவன் நிமிர்ந்தான். முகத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்ககிட்ட கேளுடா…" என்று ஆரம்பித்தான். பெண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பனா கசோண்டே சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டயே கேளுங்க."

லோம்பே கோட்டுப் பொத்தானை ஒரு முறை திருகினான்.

"அம்மா, அங்க பாலத்துல ரொம்ப நனைஞ்சிடுமே, நானும் வரலாமா?"

"நனையத்தானே ரெண்டு பேரும் போறோம்" என்றார் பனா கசோண்டே. சொல்லிவிட்டு ஒரு கோழிக்காலைப் பிய்த்து அவன் தட்டில் வைத்து, அவன் எதிரிலேயே உட்கார்ந்து தானும் சாப்பிட ஆரம்பித்தார்.