கொட்டாவி அண்ணன்

குழந்தையின் தலையில் ஒயரை ஒட்டிக்கொண்டே அவர் கொட்டாவி விடுகிறார். பேருக்கு விடுகிற கொட்டாவி அல்ல. தாடை இறங்கி, கண்ணோரம் நீர் கோத்து, 'ஆவ்' என்று சத்தத்தோடு முடிகிற முழுக் கொட்டாவி. அடுத்த நிமிடம் குழந்தையின் அம்மாவுக்கும் வந்துவிடும். வாசலில் நிற்கும் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, எனக்கு இன்னும் ஏகப்பட்ட வேலை கிடக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி விடுங்களேன்" என்பாள்.

குழந்தைகள் வார்டில், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. எடுக்கிற இவருக்குக் கொட்டாவி அண்ணன் என்று பேர் விழுந்து வெகு காலமாகிறது. பிறந்து சில வாரமே ஆனவர்கள்தான் பெரும்பாலும் இவர் கைக்கு வருகிறார்கள். பச்சைக் குழந்தையின் மூளையில் வைரஸ் புகுந்தால், தலை வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும், துவண்டு கிடக்கும், ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை இவருடைய திரையில் ஓடும் கோடுகள் காட்டும். ஆனால் அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். "அழுதா அழுகைதான் பதிவாகும், மூளை பதிவாகாது" என்பார்.

தூங்கவைப்பதில் மனிதர் கில்லாடி. ஒயர் ஒட்டுகிற பசையை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குகிறார். "ஜில்லுனு வச்சா யாருக்குத்தான் தூக்கம் வரும்?" பச்சைத் திரைச்சீலையை இழுத்ததும், குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது போல் இருக்கிறது அறை. அவர் பாடுவதில்லை. எதைப் பற்றியும் இல்லாமல் மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். "ஒண்ணுமில்லடா ராசா. எல்லாரும் தூங்குறாங்க. செவுரு தூங்குது. நாற்காலி தூங்குது. ஃபேன் மட்டும்தான் முழிச்சிருக்கு, பாவம்." பத்திரிகைக்கு எழுத அனுமதி வாங்கி வந்திருந்த நான் முதல் நாளே தூங்கிப்போனேன். விழித்தபோது என் பேனாவை நீட்டி, "கீழ விழுந்துச்சு சார். நல்ல தூக்கம்" என்று பாராட்டினார்.

பெற்றோர்கள் திரையைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் புரியாது. அவர் முகத்தையே பார்க்கிறார்கள். ஆனால் அவர் வாய் திறந்து எதுவும் சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை. "சேந்த புதுசுல ஒரு அம்மா என் மூஞ்சியப் பாத்தே ஓன்னு அழுதுட்டாங்க. அன்னையிலேருந்து கொட்டாவிதான். கொட்டாவி விடுற மூஞ்சில நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது." பெருமையாகச் சொன்னவர் உடனே குறைபட்டுக்கொண்டார்: "ஆனா வீட்டுல சீட்டாடினா பொண்டாட்டிகிட்ட தோத்துக்கிட்டேதான் இருக்கேன். மூஞ்சிய எப்படி வச்சுக்கிட்டாலும் கண்டுபிடிச்சுடுறா!"

எப்படி என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கோடுகள் ஒழுங்காக ஓடும்போது, மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் கட்டைவிரல் செருப்பை விட்டு வெளியே வந்து தாளம் போடும். கோடுகள் கெட்டுப்போனால் விரல்களெல்லாம் செருப்புக்குள் சுருண்டுகொள்ளும். தரையில் எதிரே உட்கார்ந்து சீட்டாடுகிறவள் அதைப் பார்க்காமலா இருப்பாள்? நானும் அவரிடம் மூச்சு விடவில்லை.

நான் அந்த வார்டுக்குப் போகத் தொடங்கிய சமயத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் வேன் ஓட்டுகிறவர். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் முத்தம் கொடுத்துத் தீர்த்திருக்கிறார். அப்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சின்னக் கொப்புளம். அடிக்கடி வரும், தானாகப் போகும், யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அந்தக் கொப்புளத்து வைரஸ்தான் குழந்தையின் மூளைவரை போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் பிள்ளையைத் தொடவில்லை. கொப்புளம் ஆறி, கையைக் கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரே சொன்ன பிறகும் தொடவில்லை. "என் வாயாலதானே..." என்பார். "தெரிஞ்சா குடுத்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு அலுத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

முதல் தடவை வந்த அன்று கோடுகள் தறிகெட்டுத் துள்ளின. கொட்டாவி அண்ணன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். செருப்புக்குள் விரல்கள் சுருண்டன. அப்பா மூலையில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரக்கணக்கில் மருந்து ஏறிய பிறகு நேற்று மறுபடி வந்தார்கள். வெட்டி இழுப்பது நின்றிருக்கிறது, பாலும் குடிக்கிறான். உள்ளே அடங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. திரைச்சீலை மூடியது, பசை சூடேறியது. "செவுரு தூங்குது... நாற்காலி தூங்குது..." பையன் தூங்கினான். அவன் பக்கத்தில் தலை சாய்த்திருந்த அம்மாவின் கண்களும் செருகின. திரையில் கோடுகள் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, ஏறி, இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. அவள் அரைத்தூக்கத்தில் அவர் முகத்தைத் தேடினாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"டாக்டர் சொல்லுவாரும்மா." வாயைப் பிளந்து, கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேஜைக்கு அடியில் கட்டைவிரல் வெளியே வந்து தாளம் போட ஆரம்பித்தது. அன்றைக்கு நின்ற அதே மூலையில், அதே மாதிரி தலை குனிந்து நின்றிருந்த அப்பா அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, முழங்கைவரை கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலை ஒற்றை விரலால் தொட்டார், விரலை எடுக்கவில்லை.

கொட்டாவி அண்ணன் திரையிலிருந்து கண்ணைத் திருப்பவில்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்த காலாலேயே முக்காலியை அப்பா பக்கம் தள்ளிவிட்டார்.