வளைவக்காவும் குளிர் அறையும்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வளைவக்கா என்று பெயர். உலகில் நேரான பொருள் எதுவுமே கிடையாது என்பது அவர் கட்சி. டி.என்.ஏ. மட்டும் விதிவிலக்கா என்ன? ஒரு மரபணு எப்போது விழிக்கலாம், எப்போது உறங்கலாம் என்று உத்தரவு போடும் சின்னஞ்சிறு துண்டு ஒன்று, தன் எழுத்து வரிசையாலேயே வளைந்து நிற்கிறது என்று அடித்துச் சொன்னார். நிரூபிக்கத்தான் முடியவில்லை.

வழி என்னவோ எளிதுதான். ஜெல் என்னும் கூழ்ப்பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி, ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகளை ஓடவிட வேண்டும். நேரானது விறுவிறுவென்று நுழைந்து போகும். வளைந்தது முட்டி மோதிப் பின்தங்கும். அக்காவின் துண்டோ ஒவ்வொரு முறையும் நேரானதோடு தோளுரசிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"வெள்ளிக்கிழமையோட இதை மூடிடலாம்மா," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். பலகையில் இருந்த அக்காவின் ஆய்வுத் தலைப்புக்குக் குறுக்கே ஒரு கோடும் இழுத்தார். ஸ்கேல் வைத்து.

வீட்டில், பேருந்து ஓட்டுநரான கணவர் ஆறுதல் சொன்னார். "நேரா இருக்கிறதை நீ வளைவுங்கிற, பரவாயில்ல. வளைவை நான் நேருன்னு நினைச்சா என்ன ஆகும், யோசி."

"இந்த ஜோக்கைக் கேட்டுட்டுமா உங்க பஸ்ல ஆளு ஏறுது?" என்ற அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஒரு ரகசியத்தை இங்கே உடைத்தாக வேண்டும். அக்காவுக்குக் குளிர் ஆகாது. காலடியில் ஹீட்டர் இல்லாமல் அவர் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. ஜெல் தொட்டியையும் பெற்ற பிள்ளைபோல் அதன் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

வியாழனன்று மேசைக்கு வார்னிஷ் அடிக்க ஆள் வந்துவிட்டார். குளிர் அறையில்தான் இடம் இருந்தது. கணவரின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, வார்னிஷ்காரரை வாயாரத் திட்டியபடி அக்கா தொட்டியை உள்ளே தூக்கிப் போனார். ஓட்டம் முடிந்ததும், துண்டுகளை ஒளிரவைக்கும் புற ஊதா விளக்கில் ஜெல்லை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் துண்டு மிகவும் பின்தங்கி, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது!

சூட்டில் நிமிர்ந்துவிடும் வளைவு அது. இத்தனை காலமும் ஆசை ஆசையாக அதைக் குளிர்காய வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தது சாட்சாத் அக்காவேதான்.

தலைவர் நம்பவில்லை. "ஜெல்லைக் கோணலா ஊத்தியிருப்பீங்க."

"அப்படின்னா பக்கத்துல ஓடினதும் சேர்ந்துல்ல கோணியிருக்கணும், சார்?"

"சரி, என் கண்ணு முன்னாடி ஓட்டுங்க."

"தாராளமா. உள்ள வாங்க."

வெள்ளிக்கிழமை காலை, அரைக்கைச் சட்டையோடு உள்ளே போனார் தலைவர். சற்று நேரத்தில் பல் தந்தியடித்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"வளைஞ்சதுல்ல, சார். மெதுவாத்தான் வரும்."

"அந்த ஸ்வெட்டரைக் கொஞ்சம் குடுங்களேன்."

"அந்தக் குறுக்குக் கோட்டை அழிக்கிறதா இருந்தா குடுக்கிறேன்."

"முதல்ல வரட்டும்மா!"

வந்தது. நேரான துண்டுக்கு வெகு பின்னால், ஊர்வலத்தின் கடைசி ஆள் மாதிரி வந்தது. தலைவர் ஊதா விளக்கின் மேல் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே பலகைக்கு நடந்தார். விறைத்த விரல்களில் துடைப்பான் நிற்கவில்லை. முழங்கையாலேயே கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"பாருங்க சார்," என்று ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார் அக்கா. "குளிர்ல நீங்களே வளைஞ்சுட்டீங்க."